'வாட்ச்' என்னும் சொல்லின் வரலாறு



ஆங்கிலத்தில் உள்ள 'சீ', 'லுக்', 'வாட்ச்' ஆகிய மூன்று சொற்களுக்கும் 'பார்' என்ற ஒரே பொருளையே நம் பிள்ளைகள் மனனம் செய்கின்றனர். அதனால் 'ஐ ஆம் சீயிங் டிவி' போன்ற வாக்கியங்கள் பிறக்கின்றன. தமிழ்வழிச் சிந்திப்பதே இதற்குக் காரணம் என்று சிலர் கூறுவர். அக்கருத்து சரியா என்பதை 'வாட்ச்' என்னும் சொல்லின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் 'உறங்காமல் விழித்திருத்தல்' என்றே பொருள்பட்டது. உறக்கத்திலிருந்து எழுதலைக் குறிக்கும் 'வேக்' என்பதும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. இரவில் விழித்திருப்பவனே ஊரைக் காக்க இயலும். ஆதலால் விழிப்பு என்ற பொருள் காவலுக்கும் விரிந்தது.

1285ஆம் ஆண்டு, இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு வின்செஸ்டர் சட்டத்தை இயற்றினார். கோடைக்கால மாதங்களில் கதிரவன் மறைவது முதல் உதிப்பது வரை ஊர்தோறும் காவல் இருக்க வேண்டும் என்றும், பெருநகரமாயின் வாயில் ஒவ்வொன்றிலும் அறுவர் நிற்க வேண்டும் என்றும் அது விதித்தது. இக்காவலுக்குப் பெயர் 'வாட்ச்'. 1829இல் சர் இராபர்ட் பீல் இலண்டன் மாநகரக் காவல் படையை நிறுவிய பின்னரே அங்குப் பழைய இரவுக் காவல்முறை மறையத் தொடங்கியது.

கப்பல்களிலும் இச்சொல் வழங்கியது. மாலுமிகளின் காவல் முறை பெரும்பாலும் நான்கு மணி நேரம் நீடிக்கும். அரைமணிக்கு ஒருமுறை மணியடித்து நேரத்தை அறிவிப்பர். மாலையில் மட்டும் இரண்டு மணி நேர முறைகள் இரண்டு உண்டு. ஒரே குழுவினர் நாள்தோறும் நள்ளிரவில் விழித்திருக்க நேராதவாறு செய்த ஏற்பாடு அது.

கைக்கடிகாரத்திற்கு இப்பெயர் வந்ததற்கும் விழிப்பே காரணம். 15ஆம் நூற்றாண்டில் உறங்குவோரை எழுப்பும் கடிகாரத்தை 'வாட்ச்' என்றனர். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், உடன் கொண்டு செல்லும் சிறு கடிகாரத்திற்கு அப்பெயர் உரியதாயிற்று.

இனி, பயன்பாட்டைக் காண்போம். தானாகவே கண்ணில் படுவது 'சீ'. வேண்டுமென்றே கண்ணைத் திருப்புவது 'லுக்'. அசைவதையோ மாறக்கூடியதையோ தொடர்ந்து கவனிப்பது 'வாட்ச்'. அதனால்தான் ஓவியத்திற்கு 'லுக்' என்றும், பந்தாட்டத்திற்கு 'வாட்ச்' என்றும் கூறுகின்றனர். 'அப்சர்வ்' என்பது இலத்தீன் வழி வந்தது. அதன் வேர்ப்பொருள் காத்தல். கூர்ந்து நோக்கலையும் அமைதி காத்தலையும் அவ்வொரு சொல்லே குறிப்பதன் காரணம் இதுவே.

இவ்வுறவு ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதன்று. மலாய் மொழியில் 'ஜாகா' என்றால் விழித்திருத்தல். காவல் காத்தலும் அதுவே. விழிப்பைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து அது பிறந்தது. பள்ளி வாயிற்காவலரை நாம் 'ஜாகா' என்று அழைத்ததும் அவ்வழியே. தமிழில் 'விழி' என்பது கண். உறக்கம் நீங்குதலும் 'விழி'யே. அதிலிருந்து பிறந்த 'விழிப்பு' எச்சரிக்கையையும் உணர்த்துகிறது. 'தம்பியைப் பார்த்துக்கொள்' என்னும்போது 'பார்' என்பதே காவலாகிவிடுகிறது.

ஆகவே, குறை தமிழில் இல்லை. காண், நோக்கு, கவனி, கண்காணி எனப் பல சொற்கள் இருக்க, ஒன்றை மட்டும் கற்பிக்கும் நம் வழக்கத்திலேயே குறை உள்ளது. 'சீ' என்பதற்குக் 'காண்', 'லுக்' என்பதற்கு 'நோக்கு', 'வாட்ச்' என்பதற்குக் 'கவனி' அல்லது 'காவல் இரு' என இடமறிந்து விளக்கினால் பிள்ளைகளின் ஆங்கிலம் திருந்தும். அவர்களது தமிழும் வளம் பெறும். பெற்றோரும் இல்லத்தில் இதனை முயன்று பார்க்கலாம்.