ஹேடார் கற்குவாரியும் கல் தண்டவாளமும்



ஒரு தேசத்தின் சரித்திரத்தை ஆராயப் புகுவோர் அரசர் பட்டயங்களையும் புலவர் ஏடுகளையும் நாடுதல் வழக்கம். அவற்றுள் மலையிலே கல்லைப் பிளந்து வண்டியேற்றியவர் பெயரைக் காண்டல் அரிது. அதனால் அவர்தம் சரித்திரம் அடியோடு அழிந்ததென்று எண்ணுதல் தவறாகும். அவர் உழைத்த இடமே அவருக்கு ஏடு. அவர் கருவி பதித்த வடுக்களே எழுத்து. இதற்குத் தக்கதோர் உதாரணம், இங்கிலாந்தின் தென்மேற்குப் பாகத்தில், டெவன் ஜில்லாவின் டார்ட்மூர் மேட்டு நிலத்திலுள்ள ஹேடார் கருங்கற் குவாரியாம்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டு நகரங்கள் பெருகின. பாலங்களுக்கும் பொதுக் கட்டடங்களுக்கும் உறுதியான கல் வேண்டியதாயிற்று. கல்லோ மேட்டின்மேல் இருந்தது. கப்பலேறும் துறைமுகமோ தொலைவில் இருந்தது. மலையடிவாரத்தில், 1792-இல் ஜேம்ஸ் டெம்ப்ளர் என்பார் வெட்டுவித்த ஸ்டோவர் கால்வாய் இருந்தது. அவர் குமாரர் ஜார்ஜ் டெம்ப்ளர் குவாரியிலிருந்து அக்கால்வாய் வரையில் ஒரு வண்டிப்பாதை அமைத்து, 1820-இல் திறந்துவைத்தார்.

அப்பாதையின் விசேஷம் யாதெனின், அதன் தண்டவாளமும் கருங்கல்லே என்பதாம். இரும்பை விலைகொடுத்து வருவிக்க வேண்டும். கல்லோ கையருகே கிடந்தது. ஆதலின் நீண்ட கற்களில் சக்கரம் ஓடுதற்கேற்ற படி செதுக்கி, உட்புறம் சிறு விளிம்பு நிறுத்தி, 4 அடி 3 அங்குல இடைவெளியில் இருவரிசையாகப் பதித்தனர். கிளைகளையும் சேர்த்து அதன் நீளம் ஏறக்குறைய 10 மைல். மேட்டினின்றும் கால்வாய்க்கு இறக்கம் ஏறக்குறைய 1,300 அடி. பாரமேற்றிய வண்டிகள் தம் கனத்தாலேயே கீழிறங்கின. வெறுவண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்துச் சென்றன. கால்வாயிற் படகேறிய கல் டின்மத் துறைமுகத்திற் கப்பலேறிற்று. 1825-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1831-இல் திறக்கப்பெற்ற லண்டன் பாலத்திற்கும் இக்கல் சென்றது.

இனி அங்குள்ள வடுக்களைப் படிக்குமாறு கூறுவாம். சில கற்களின் விளிம்பில் உளியாற் செதுக்கிய நீண்ட ஆப்புக்குழிகள் வரிசையாய்க் காணப்படும். இது பழைய முறை. வேறு சிலவற்றில் இரும்புக்கோலாற் குடைந்த உருண்டைத் துளைகளின் பாதி வடிவம் நிற்கும். அத்துளைகளில் இரண்டிரண்டு இரும்புத் தகடுகளைச் செருகி, நடுவே ஆப்பு வைத்து, ஒவ்வொன்றாய் மாறிமாறி அடித்துக் கல்லைப் பிளந்தனர். இம்முறை டார்ட்மூரில் ஏறக்குறைய 1800-இன் பின்னரே பரவிற்று. ஆகவே ஏடொன்றும் இன்றியே, குழியின் வடிவத்தைக் கொண்டு கல் பிளந்த காலத்தை ஒருவாறு துணியலாம்.

1850-ஆம் ஆண்டளவில் அங்கே ஏறக்குறைய 100 பேர் வேலை செய்தனர். கார்ன்வால் கல் மலிவாய்க் கிடைத்தமையால் 1858-க்குள் தொழில் நின்றது. எக்ஸெட்டர் நகரத்துப் போர் நினைவுச் சின்னத்திற்காக 1919-இல் மீண்டும் சிறிது கல் எடுத்தனர். அதனோடு வேலை முடிந்தது.

நிற்க. லண்டன் பாலம் 1968-இல் விற்கப்பட்டது. அதன் முகப்புக் கற்கள் அமெரிக்காவின் அரிஸோனா நாட்டிற்குக் கொண்டுபோகப்பட்டு, 1971-இல் அங்கே மறுபடியும் பாலமாக நின்றன. பெருமை பெற்ற பாலம் இடம் பெயர்ந்தது. பெயரறியாத் தொழிலாளர் செதுக்கிய பாதையோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. அஃது இரும்பாய் இருந்திருப்பின், தொழில் நின்றவுடன் பெயர்த்து விற்றிருப்பர். விலைபோகாத கல்லானமையின் எஞ்சிற்று.

நம் மாமல்லபுரத்துப் பாறைகளிலும் ஆப்புக்குழிகள் வரிசை வரிசையாய் நிற்றலை இன்றும் காணலாம். சிற்பத்தைக் கண்டு வியப்போர் அக்குழிகளைக் கண்டும் காணாதவராய்க் கடந்து செல்கின்றனர். சிற்பம் முடிந்த வேலையைக் காட்டும். குழியோ வேலை நடந்த வகையைக் காட்டும். வெடிமருந்து ஒரு நொடியில் இவற்றைத் துகளாக்கிவிடும். பின்னர் எவராலும் மீட்டுத் தர இயலாது.

ஆதலின் அன்பர்கள் தத்தம் ஊர்ப் பழைய குவாரிகளை மக்களோடு சென்று கண்டு, அங்குள்ள குழிகளையும் பாதைகளையும் அளந்து, படமெடுத்து, குறித்து வைப்பாராக. முன்னோர் கையெழுத்தைப் படிக்காமலே அழிய விடுதல் நமக்கு அழகன்று.