வெளியேறும் வழி



நாஞ்சில் நாட்டில் அறுவடை முடிந்ததும் வைக்கோலைப் படப்பாக அடுக்கி வைப்பார்கள். நான் சிறுவனாயிருந்தபோது, எங்கள் வீட்டுப் படப்பை அடுக்களைக்கு நெடுந்தொலைவில் போடச் சொல்லுவார் என் பாட்டனார். அடுப்பும் ஓலையும் அண்டை வீட்டாராக இருத்தல் ஆகாது என்பது அவர் கொள்கை. அக்கொள்கையின் அருமையை நான் முழுவதும் உணர்ந்தது 2004-ஆம் ஆண்டில்தான்.

அவ்வாண்டு ஜூலை 16-ஆம் நாள் முற்பகல், கும்பகோணம் ஸ்ரீகிருஷ்ணா பள்ளியில் சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. மாடி வகுப்புகளிலும் கீற்றுக் கூரையே வேயப்பட்டிருந்தது. இறங்குவதற்கோ படிக்கட்டு குறுகலானது. 94 குழந்தைகள் மாண்டனர்.

அதன்பின் தமிழகத்துப் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. இத்துயரையொட்டித் தொடுக்கப்பட்ட வழக்கில், 2009-ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பள்ளிகள் யாவும் தீத்தடுப்பு ஏற்பாடுகளைக் கொண்டிருத்தல் வேண்டுமெனப் பணித்தது. ஆயினும் 2019 மே 24 அன்று சூரத் நகரில், மேல்தளத்தில் இயங்கிய பயிற்சிக் கூடமொன்றில் தீயும் புகையும் மாணவர்களை வளைத்துக்கொண்டன. பலர் சாளரங்களின் வழியே கீழே குதித்தனர். 22 இளம் உயிர்கள் பறிபோயின.

இவ்விரு நிகழ்ச்சிகளும் நமக்கு உணர்த்துவது யாது? தீ மட்டுமே கொல்வதன்று. வழியின்மையும் கொல்கிறது என்பதே.

இன்று நம் மாவட்டத்து இளைஞர் பலர் சென்னையிலும் கோவையிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தங்கிப் பயில்கின்றனர். என் பேத்தியும் அவ்வாறே ஐந்தாம் மாடியில் வாழ்கிறாள். அவளைக் காணச் சென்றபோது, "அம்மா, இறங்குவதற்கு இன்னொரு வழி எங்கே?" என்று கேட்டேன். அவள் அறியவில்லை. இருவரும் தேடிச் சென்றோம். இரண்டாம் படிக்கட்டு இருக்கத்தான் செய்தது. ஆனால் உடைந்த கட்டில்களும் பழைய மிதிவண்டிகளும் அதனை அடைத்துக் கிடந்தன. அன்று மாலையே அவளும் அவள் தோழியரும் காவலாளியின் துணையோடு அவற்றை அகற்றினர். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைத் தடவியபடி இறங்கிப் பழகினர். புகை சூழ்ந்தால் கண் உதவாதன்றோ!

சூடான புகை மேலே எழும். தரையை ஒட்டியே ஓரளவு நல்ல காற்று நிற்கும். ஆகையால் தவழ்ந்து செல்லுதல் நன்று. கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் திறவாதீர்கள், ஈரத்துணியால் இடுக்குகளை அடைத்துவிட்டுச் சாளரத்தருகே நின்று உதவி கோருங்கள். வழி தெளிவாயின் படிக்கட்டிலேயே இறங்குங்கள். மின்தூக்கியை நாடாதீர்கள், மின்சாரம் நின்றால் அதுவே சிறையாகிவிடும். வெளியே வந்தபின் 101 அல்லது 112 என்னும் எண்ணை அழையுங்கள். முன்பே குறித்து வைத்த ஓரிடத்தில் கூடித் தோழர்களை எண்ணிப் பாருங்கள். விட்டுவந்த நூலுக்காகவோ கைப்பேசிக்காகவோ திரும்பிச் செல்லற்க.

என் பாட்டனார் பள்ளி சென்றவரல்லர். எனினும் தீ வருமுன்னரே அதன் வழியை மறித்தார். கற்றவர்களாகிய நீங்கள் இன்றிரவே உங்கள் இல்லத்தின் இரண்டாம் வழியை ஒருமுறை நடந்து பாருங்கள்.