நோட்டீஸுக்கும் ஒரு பெட்டி

1930இல் அமெரிக்க அமைதிச் செயல்பாட்டாளர் ஜேன் ஆடம்ஸ் தம் நூல்களையும் காகிதங்களையும் பிலடெல்ஃபியாவை அடுத்த ஸ்வார்த்மோர் கல்லூரிக்கு அனுப்பத் தொடங்கினார். மறு ஆண்டு அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு. போரை ஏற்காத குவேக்கர் சமயத்தார் 1864இல் நிறுவிய கல்லூரி அது, வேறெங்கே அனுப்புவார்? ஸ்வார்த்மோர் அமைதிச் சேகரத்துக்குப் பிள்ளையார் சுழி அதுதான்.

முதல் காப்பாளர் எல்லன் ஸ்டார் பிரின்டன். காலப்போக்கில் போர் எதிர்ப்போர் கழகம், அணுகுண்டுச் சோதனைகளுக்கு எதிராக 1957இல் தோன்றிய 'சேன்' அமைப்பு, 1961 நவம்பர் 1 அன்று பல நகரங்களில் பெண்களைத் தெருவுக்கு அழைத்துவந்த 'அமைதிக்கான பெண்கள் வேலைநிறுத்தம்' ஆகியவற்றின் ஆவணங்களும் வந்து சேர்ந்தன. கூட்டக் குறிப்பும் கடிதமும் எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்கும். இங்கே சுவரொட்டி, சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ், கார் ஸ்டிக்கர், தெருமுனையில் கையில் திணித்த நோட்டீஸ் ஆகியவற்றுக்கும் இடம் உண்டு. என்னைக் கேட்டால், இயக்கத்தின் குரல் இவற்றில்தான் இருக்கிறது. தீர்மானம் உறுப்பினர்களுக்கு எழுதியது. நோட்டீஸ் முன்பின் தெரியாத வழிப்போக்கரை மடக்கப் பார்த்தது.

இவற்றைக் கட்டிக்காப்பது லேசல்ல. ஸ்டென்சிலில் ஓட்டிய மலிவுத் தாள் பழுத்து விளிம்பில் நொறுங்கும். ஸ்டேப்ளர் பின் துருவேறித் தாளை அரிக்கும். பின்னைக் கழற்றி, அமிலமற்ற உறையில் இட வேண்டும்.

அதைவிடத் தலைவலி, தேதி. அடுத்த வார ஊர்வலத்துக்கு அடித்த நோட்டீஸில் ஆண்டை யார் போடப்போகிறார்கள்? 'ஏப்ரல் 15, சனிக்கிழமை' என்று மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1960க்கும் 1975க்கும் இடையில் அது பொருந்துவது 1961, 1967, 1972 ஆகிய மூன்றுக்கு. முகவரியில் ஐந்திலக்க 'ஜிப்' அஞ்சல் எண் இருந்தால் 1961 அடிபட்டுப் போகும். அந்த எண் முறை வந்ததே 1963இல்தான். நியூயார்க் சென்ட்ரல் பூங்காவிலிருந்து ஐ.நா. தலைமையகத்துக்கு ஊர்வலம் என்றிருந்தால், மார்ட்டின் லூதர் கிங் பேசிய 1967 வியட்நாம் போர் எதிர்ப்புப் பேரணி அது, சந்தேகமே வேண்டாம்.

பேட்ஜில் இந்தத் துப்பும் கிடைக்காது. 1950களின் இறுதியில் செயின்ட் லூயிஸ் நகரில் குழந்தைகளின் பால்பற்களைத் திரட்டினார்கள். அணுச்சோதனைத் தூசியிலுள்ள ஸ்ட்ரான்ஷியம்-90 பல்லில் ஏறுகிறதா என்று பார்க்கத்தான். பல் அனுப்பிய பிள்ளைக்கு, அறிவியலுக்குப் பல் கொடுத்தவர் என்று சொல்லும் ஒரு பேட்ஜ். கதை தெரியாதவர் கையில் அது ஏதோ பல் மருத்துவமனை விளம்பரம்.

ஆகவே, வீட்டுப் பரணிலிருந்து இப்படி எதையாவது எந்தச் சேகரத்துக்கும் கொடுப்பவர்கள், அது எங்கே, எப்போது, யாரிடமிருந்து கிடைத்தது என்று ஒரு சீட்டில் எழுதி வைத்தால் புண்ணியமாகப் போகும். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஊறும்.