ஆளில்லாப் பள்ளத்தாக்கின் படம்

ஸ்காட்லாந்தின் மலைநாட்டையும் அதன் வடகடற்கரையையும் நிழற்படம் எடுத்து வர எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பயணத் திட்டம் தீட்டினார். நிலப்படத்தை என் மேசைமீது விரித்துச் செல்லவிருக்கும் இடங்களைக் காட்டினார். "மனிதக் கால் படாத இடங்கள், சாமி! அதனால்தான் படம் அத்தனை அழகாக வருகிறது" என்றார். அவர் கூற்றில் பாதிதான் உண்மை. இன்று அங்கே ஆளில்லை என்பது மெய். கால் படாத மண் என்பது மெய்யன்று. அந்த வெறுமைக்கு ஒரு வரலாறு உண்டு. அதை அறிந்தபின் திட்டம் தீட்டுவதே முறை என்று எனக்குத் தோன்றியது.

ஒரு காலத்தில் அப்பள்ளத்தாக்குகளில் கேலிக் மொழி பேசிய மக்கள் குலம் குலமாக வாழ்ந்தனர். குலத்தலைவர் அவர்களுக்குத் தந்தையைப் போன்றவர். 1746-இல் கல்லோடன் போர்க்களத்தில் ஸ்டுவர்ட் அரசகுலத்திற்காக எழுந்த கிளர்ச்சி முறியடிக்கப்பட்ட பின், பழைய குலமுறை விரைந்து சிதைந்தது. தலைவர்கள் நிலக்கிழார்களாயினர்; மக்கள் வெறும் குத்தகைக்காரர்களாயினர். கம்பளியின் விலை உயர்ந்தபோது, ஏழைக் குடிகளின் குத்தகையைவிடச் செவியட் இன ஆடுகள் மிகுந்த ஆதாயம் தரும் என்று கணக்கிடப்பட்டது. கணக்கு முடிந்ததும் குடிகளுக்கு வெளியேற்ற ஆணை வந்தது.

சதர்லாந்துச் சீமாட்டியின் பண்ணைக்கு உட்பட்ட ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814-லும் 1819-லும் இது பெருமளவில் நடந்தது. மக்கள் திரும்பி வந்து குடியேறாதபடி கூரை மரங்கள் கொளுத்தப்பட்டன. அப்பணியை முன்னின்று நடத்திய பாட்ரிக் செல்லர் 1816-இல் இன்வர்னஸ் நகரில் விசாரிக்கப்பட்டுக் குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றார். டொனால்டு மக்லவுட் என்ற கொத்தனாரோ, 1819-இல் ஓர் இரவு மேட்டின்மீது ஏறி நின்று, எரியும் வீடுகள் 250 என்று எண்ணியதைப் பின்னாளில் எழுதி வைத்தார்.

வெளியேற்றப்பட்டோரில் பலருக்குக் கடலோரத்தில் சிறு துண்டு நிலங்கள் அளந்து தரப்பட்டன. ஆடுமாடு மேய்த்தும் உழுதும் வாழ்ந்தவர்கள் பாறைக் கரையில் மீன்பிடித்துப் பிழைக்க வேண்டியதாயிற்று. பலர் கப்பலேறிக் கனடா சென்றனர். நேவர் ஆறு கடலில் கலக்குமிடத்தில் பெட்டிஹில் என்ற ஊர் இருக்கிறது. எலிசபெத் என்னும் அச்சீமாட்டியின் பெயரையே அவ்வூர் தாங்கி நிற்கிறது. ஆகவே, நம் இளைஞர் மலைக்கென ஒன்றும் கடலுக்கென ஒன்றுமாக எடுக்க நினைத்த படங்கள் ஒரே கதையின் இரு பக்கங்களே.

நிழற்படக் கலைக்கும் இக்கதைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அக்கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஃபாக்ஸ் டால்பட், ஸ்காட்லாந்துக் காட்சிகள் 23-ஐத் தொகுத்து 1845-இல் ஒரு நூலாக வெளியிட்டார். எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டின் நினைவோடு இணைந்த ஏரியும் மடமும் மாளிகையும் அதில் இடம்பெற்றன. அதே 1845-ஆம் ஆண்டு மே மாதத்தில், க்ளென்கால்வி பள்ளத்தாக்கிலிருந்து 18 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. போக்கிடமற்ற அவர்கள் க்ரோய்க் என்னுமிடத்துக் கோவிலின் கல்லறைத் தோட்டத்தில் தற்காலிகக் கூடாரமிட்டுத் தங்கினர். கோவிலின் சன்னல் கண்ணாடிகளில் வெளிப்புறத்திலிருந்து தங்கள் பெயர்களையும் செய்திகளையும் கீறி வைத்தனர். தாய்மொழியான கேலிக்கில் அன்று, ஆங்கிலத்திலேயே கீறினர். அயலார் படிக்க வேண்டும் என்று எண்ணினரோ என்னவோ! அந்த எழுத்துகள் இன்றும் அங்கே உள்ளன.

அவற்றுள் ஒன்று என் நெஞ்சை விட்டு அகலவில்லை. க்ளென்கால்வி மக்களை அது பொல்லாத தலைமுறை என்று குறிக்கிறது. வீட்டை இழந்தவர்கள், தங்கள் பாவமே அதற்குக் காரணம் என்று நம்பினார்கள் போலும்! வெளியேற்றத்தைக் கடவுளின் தண்டனை என்று போதித்த குருமார் அக்காலத்தில் இருந்தனர் என்று மக்லவுட் சாடுகிறார். நாபோத்தின் தோட்டம் பறிக்கப்பட்டபோது இறைவாக்கினர் எலியா குற்றம் சாட்டியது ஆகாபையே அன்றி நாபோத்தையல்ல. இதை எடுத்துரைக்க வேண்டியவர்களே மறந்தால், எளியவன் தன்னைத்தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறான். ஆனால் க்ளென்கால்வி மக்களின் போதகர் கஸ்டேவஸ் எயர்டு அவர்கள் பக்கம் நின்றார் என்பதையும் நன்றியோடு நினைக்க வேண்டும்.

இவற்றைக் கேட்ட இளைஞர் தம் திட்டத்தை மாற்றி எழுதினார். இன்வர்னஸிலிருந்து முதலில் க்ரோய்க் கோவில். பிறகு ஸ்ட்ராத்நேவரில் ரோசல் என்னும் பாழூர். அங்கிருந்து, மக்கள் துரத்தப்பட்ட திசையிலேயே பெட்டிஹில் கடற்கரை. பருவம் மே மாதம். கடிக்கும் சிறு பூச்சிகளின் தொல்லை அப்போது குறைவு. பெரணிச் செடிகள் உயர்ந்து வளர்ந்து இடிந்த சுவர்களை மறைக்கும் முன்னே சென்றுவிடலாம். குத்தகைக் கெடு முடிந்து குடிகள் வெளியேற்றப்படும் காலமும் அதுவே. மே மாதத்துக் கெடு நாள், பெந்தகோஸ்துத் திருநாளின் பெயரால் வழங்கியது! நண்பகலில் ரோசலில் புல்வெளி மட்டுமே கண்ணுக்குத் தெரியும். மாலை வெயில் சாய்ந்து விழும்போதுதான் புல்லுக்கடியில் புதைந்த சுவர்களும் பழைய உழவு வரப்புகளும் நிழல் கட்டி எழும். அந்த நேரத்திற்காக முக்காலியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும்.

பயணத்தின் கடைசி இடமாக மேற்குக் கரையின் அசின்ட் பகுதியை வைத்தார். அங்கே சுல்வென் என்ற தனிமலை 731 மீட்டர் உயரம் நிமிர்ந்து நிற்கிறது. படக்கலைஞர்கள் அதற்காகவே அங்குச் செல்வர். ஆனால் அங்கே காண வேண்டிய வேறொன்றும் உண்டு. சிறுகுடியானவர்களின் போராட்டங்களுக்குப் பின் 1886-இல் இயற்றப்பட்ட சட்டம், அவர்களை நினைத்தபடி வெளியேற்றுவதைத் தடுத்தது. 1993-இல் அசின்ட் குடியானவர்கள் ஒன்றுகூடிப் பணம் திரட்டித் தாங்கள் உழுத வட லாக்கின்வர் நிலத்தைத் தாங்களே விலைக்கு வாங்கினர்.

"அந்த மலையைப் படமெடுக்கும்போது அடிவாரத்து வீடுகளையும் சேர்த்தே எடு" என்று மட்டும் சொல்லியனுப்பினேன். வீடுகள் படத்தின் அழகைக் குறைக்குமே என்று அவர் இம்முறை கூறவில்லை.