எழுத்தெண்ணிப் படித்தவர்

ஒரு நூலை எழுத்தெண்ணிப் படித்தவர் என்று ஒருவரைச் சொன்னால் நம்மிடையே அது பாராட்டு. நிஜமாகவே எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணி ஒரு கவிதையைப் படித்த மனிதரைப் பற்றி எழுதுகிறேன். அக்கவிதை என்ன சொல்கிறது என்பது அவர் ஆராய்ச்சிக்குத் தேவைப்படவில்லை. இருந்தும், கேட்ட மாத்திரத்தில் கட்டுரையும் கவிதையும் எழுதித் தரும் இன்றைய யந்திரங்களின் வம்சாவளியைத் தேடிப் போனால் அவரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆந்த்ரேய் மார்க்கோவ், ரஷ்யக் கணித அறிஞர். 1913 ஜனவரியில் பீட்டர்ஸ்பர்க் அகாதெமியில் ஓர் ஆய்வைப் படித்தார். புஷ்கினின் செய்யுள் நாவலான 'யெவ்கேனி ஒனேகின்' நூலின் முதல் அத்தியாயத்தையும், இரண்டாவதில் 16 பாடல்களையும் எடுத்துக்கொண்டு, சொல்லிடைவெளி, நிறுத்தக்குறி எல்லாவற்றையும் நீக்கி 20,000 எழுத்துகளை ஒரே வரிசையாக்கினார். உயிரா மெய்யா என்று மட்டும் பார்த்தார். உயிர் 8,638, மெய் 11,362. நூற்றுக்கு 43 உயிர். அடுத்து, உயிருக்குப் பின் உயிரே வருவது எத்தனை தடவை என்று எண்ணினார்: 1,104. அதாவது உயிரைத் தொடர்ந்து உயிர் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 13. மெய்யைத் தொடர்ந்து உயிர் வரும் வாய்ப்பு 66. ஓர் எழுத்து தனக்கு முந்தியதைச் சார்ந்து நிற்கிறது. இதுதான் அவர் கண்டது.

இதற்காகவா இவ்வளவு உழைப்பு என்று தோன்றலாம். பின்னணியில் ஒரு சண்டை இருக்கிறது. நாணயத்தை ஆயிரக்கணக்கில் சுண்டினால் பூவும் தலையும் சரிபாதியை நெருங்கும். பெரும் எண்களின் விதியின் எளிய உருவம் இது. ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகளுக்குத்தான் இவ்விதி பொருந்தும் என்று 1902இல் எழுதினார் மாஸ்கோவின் பாவெல் நெக்ராசோவ். மனிதச் செயல்களின் புள்ளிவிவரங்கள் இவ்விதிக்கு அடங்குகின்றன. ஆகவே மனிதன் சுயேச்சையானவன் என்பது அவர் கட்சி. சமயக் கல்வி பெற்றவர் அவர். மார்க்கோவோ 1912இல் தன்னைச் சமயநீக்கம் செய்யும்படி ரஷ்யத் திருச்சபைக்குத் தாமே மனுப்போட்டவர். 1913இல் ரோமனோவ் வம்சத்தின் முந்நூறாவது ஆண்டை நாடு கொண்டாடியபோது, பெரும் எண்களின் விதிக்கு இருநூறாவது ஆண்டு விழா எடுத்தவர். ஒன்றையொன்று சார்ந்த நிகழ்ச்சிகளும் இவ்விதிக்கு அடங்கும் என்று 1906இலேயே கணிதத்தில் காட்டியிருந்தார். உதாரணம் ஒன்று தேவைப்பட்டது. கவிதையைவிடப் பிணைப்புள்ள வரிசை வேறெங்கே கிடைக்கும்?

ஆக, சராசரியைக் காட்டிச் சுதந்திரத்தை நிரூபிக்க முடியாது. மார்க்கோவ் நிறுவியது இவ்வளவே. சராசரியைக் காட்டிச் சுதந்திரத்தை மறுக்கவும் முடியாது என்பதை நாம் சேர்த்துக்கொள்ளலாம். அக்ஸாகோவின் உரைநடையில் ஒரு லட்சம் எழுத்துகளையும் அவர் எண்ணினார். உயிரெழுத்தின் பங்கு அதிலும் ஏறக்குறைய அதேதான். புஷ்கினைப் புஷ்கினாக்குவது எண்ணிக்கையில் சிக்கவில்லை. வங்கியில் நான் நகைக்கடன் பகுதியில் உட்காருகிறேன். சங்கிலியின் எடையும் மாற்றும் பதிவில் இருக்கும். அடகு வைத்த காரணம் இருக்காது. அதனால் பதிவு பொய்யாகிவிடுவதில்லை.

அடுத்தவர் அமெரிக்காவின் கிளாட் ஷானன். 1948இல் வெளிவந்த அவருடைய தகவல் கோட்பாட்டில் ஒரு வேடிக்கை வருகிறது. புத்தகத்தை எங்காவது பிரித்து ஒரு சொல்லைக் குறித்துக்கொள்ள வேண்டும். வேறொரு பக்கத்தில் அதே சொல் தென்படும்வரை படித்து, அதையடுத்த சொல்லைக் குறிக்க வேண்டும். இப்படியே போனால் அர்த்தமில்லாத, ஆனால் ஆங்கிலத்தின் சாயலுள்ள வாக்கியம் பிறக்கிறது. மொழியின் மிகைமைக்கு இரு எல்லைகளாக அவர் காட்டியவை 850 சொற்களில் அடங்கும் 'பேசிக் இங்கிலீஷ்' ஒருபுறம், ஜாய்ஸின் 'ஃபின்னகன்ஸ் வேக்' மறுபுறம். ஒரு பொறியியலாளர் ஜாய்ஸை வைத்த இடம் நம் விமர்சகர்கள் பலர் வைத்த இடத்தைவிடச் சரியானது.

1951இல் ஷானன் இதை விளையாட்டாக்கினார். ஒரு வாக்கியத்தை மூடிவைத்து, அடுத்த எழுத்து என்ன என்று ஊகிக்கச் சொன்னார். முந்திய நூறு எழுத்துகள்வரை தெரிந்திருந்தால், ஆங்கிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு மொழியின் கட்டாயமே, எழுதுபவனின் தேர்வு அல்ல என்று கணக்கிட்டார்.

இந்த விளையாட்டை நானும் ஆடிப் பார்த்தேன். பக்கத்து மேஜை நண்பர் என் தொல்லை தாங்காமல் சிறுபத்திரிகை படிக்கிறவர். நான் எழுதிய ஒரு மதிப்புரையைச் சொல் சொல்லாக மூடிக் காட்டினேன். 'வாழ்வின்' என்றதும் 'அபத்தம்' என்றார். 'வாசகனை' என்றதும் 'உலுக்குகிறது' என்றார். பத்தில் ஆறைப் பிடித்துவிட்டார். அந்த நாவல் என்னை உலுக்கியது உண்மை. அந்த உண்மை என் வாக்கியத்துக்குள் வரவில்லை.

பிந்திய சரித்திரம் சுருக்கமானது. 1957இல் சாம்ஸ்கி, இலக்கணத்தைப் புள்ளிவிவரத்தால் பிடிக்க முடியாது என்று வாதிட்டார்; மொழியியலில் வெகுகாலம் அதுவே செல்லுபடியாயிற்று. ஆனால் எழுபதுகளில் ஐபிஎம்மில் ஜெலினெக்கின் குழு, பேச்சை எழுத்தாக்கும் ஆராய்ச்சிக்கு எண்ணிக்கையையே நம்பியது. 2003இல் மான்ட்ரியாலில் பெஞ்சியோவும் சகாக்களும் சொல்லை எண்களின் வரிசையாக்கி, ஒத்த சொற்கள் அருகருகே அமையும்படி செய்தார்கள். 2017இல் கூகுள் ஆராய்ச்சியாளர் எண்மர், முந்திய சொற்கள் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கவனம் தருவது என்பதையே யந்திரம் கற்றுக்கொள்ளும் அமைப்பைத் தந்தார்கள். 2020இல் வந்த ஜிபிடி-3இல் இப்படித் திருகிச் சரிசெய்யும் எண்கள் 17,500 கோடி. மனிதர்கள் எந்தப் பதிலை விரும்புகிறார்கள் என்று மதிப்பிடச் செய்து அதற்கேற்ப வளைப்பது பிறகு சேர்ந்தது. மார்க்கோவ் ஓரெழுத்து பின்னால் பார்த்தார். இவை ஆயிரக்கணக்கான சொற்கள் பின்னால் பார்க்கின்றன. அடிப்படைக் கேள்வி அதேதான்: அடுத்து என்ன?

வெறும் எண்ணிக்கைதானே என்று இவற்றை ஒதுக்கிவிட நான் தயாரில்லை. அடுத்த சொல்லைச் சரியாக ஊகிக்க வேண்டுமானால் உலகத்தைப் பற்றி ஏதோ கொஞ்சம் உள்ளே படிந்திருக்க வேண்டும். அது புரிதலா என்பது தீராத வழக்கு. யந்திரம் கவிதை எழுதுமா என்ற கேள்வியும் எனக்கு முக்கியமில்லை. இந்த யந்திரம் நம்மைப் பற்றிச் சொல்வது முக்கியம். நாம் எழுதியதில் பெரும்பகுதி யார் எழுதியிருந்தாலும் வந்திருக்கும். எதிர்பார்த்த சொல் வரும் இடத்தில் மொழி எழுதுகிறது. எதிர்பாராத சொல் வந்தால் மட்டும் போதாது. சீட்டுக் குலுக்கினாலும் அது வரும். வந்த பிறகு அதைத் தவிர வேறு சொல் அங்கே கிடையாது என்று ஆக வேண்டும். அந்த இடத்தில்தான் ஓர் ஆள் இருக்கிறான். விமர்சகனின் வேலை அந்த இடத்தைக் காட்டுவது. அதற்குத் தன் வாக்கியத்திலும் அப்படி ஓர் இடம் வேண்டும்.

அடுத்த இதழுக்கு ஒரு மதிப்புரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அனுப்புமுன் நண்பரிடம் மூடிக் காட்டுவதாக உத்தேசம்.