வாழை நாரும் வெற்றிடப் பையும்: வலிமையா, ஈரமா?

வீரபாண்டியைச் சுற்றி முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் வாழை விளைகிறது. தார் வெட்டிய மரத்தைச் சாய்த்த பின், நாராகக்கூடிய மட்டையில் பெரும்பங்கு தோட்டத்திலேயே மக்குகிறது. கிழக்கே ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் சுழலும் காற்றாலை இறக்கைகளோ கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்தவை. கண்ணாடி இழையின் இடத்தில் நாரை வைக்கலாமா என்ற கேள்வி புதிதல்ல. திருவனந்தபுரத்தில் குல்கர்ணி, சத்தியநாராயணா முதலானோர் வாழை நாரின் இழுவலிமையை ஆராய்ந்து 1983இல் வெளியிட்டனர். பின்னர் கோட்டயத்திலும் கிருஷ்ணன்கோவிலிலும் இயற்கை நார்க் கலவைகள் பற்றிய ஆய்வுகள் வளர்ந்தன. அவற்றுள் பல வலிமையையும் காரச் சலவையையுமே மையமாகக் கொண்டவை. உற்பத்திக்கு வரும்போது முதல் தடை ஈரம் என்பதே என் வாதம்.

இத்தகைய கலவைப் பொருள்களை வார்க்கும் வெற்றிடப் பை முறையில் அச்சின்மேல் இழையை அடுக்கி, நெகிழித் தாளால் மூடி, விளிம்பை ஒட்டு நாடாவால் அடைத்து, உள்ளிருக்கும் காற்றைப் பம்பால் இழுத்து, பிறகு ரெசினை உள்ளே விடுகிறோம். பம்பு எதையும் அழுத்துவதில்லை. வெளிக்காற்றுதான் சதுர மீட்டருக்குச் சுமார் 10 டன் விசையோடு அழுத்துகிறது. வீரபாண்டியின் உயரத்தில் இது நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு குறையும், பொருட்படுத்த வேண்டியதில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் 4.2 கிலோபாஸ்கலுக்குக் கீழே அழுத்தம் இறங்கினால் தண்ணீர் கொதிக்கும். ரெசின் இறுகும் சூட்டில் 60 டிகிரியை எட்டினால் 20 கிலோபாஸ்கலே போதும். கண்ணாடி இழை உள்ளே ஈரம் பிடிப்பதில்லை. வாழை நாரோ அறைக்காற்றிலேயே எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நீரை வைத்திருக்கும். (பூக்கட்டுவோர் நாரை நனைத்துக்கொள்வதும் அது நீரை ஏற்று இளகுவதால்தான்.) ஒரு கிலோ நாரிலுள்ள 100 கிராம் நீர் முழுதும் ஆவியானால், 30 டிகிரியில், 4.2 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் அதற்கு மூன்று கன மீட்டருக்கும் மேல் இடம் வேண்டும். பம்பு எவ்வளவு நன்றாக இழுக்கிறதோ, அவ்வளவு குமிழி.

அழுத்து அச்சில் இந்தச் சிக்கல் தெரியாது. அங்கே அழுத்தம் ஆவியை எழவிடாது. கையால் பூசும் முறையிலும் ரெசின் 100 டிகிரியைத் தொடாதவரை நீர் கொதிக்காது. ஆகவே இவ்விரு முறைகளிலும் செய்த மாதிரிகளின் வலிமை எண்களை வெற்றிடப் பைக்கு அப்படியே எடுத்துவர முடியாது.

நாரை அடுப்பில் உலர்த்தினால் போதாதா என்று கேட்கலாம். வெளியே எடுத்ததும் அது மறுபடி ஈரம் இழுக்கும். ரெசினை விடுமுன் பைக்குள்ளேயே, அதே பம்பால் உலர்த்துவதே சரி. வெற்றிடத்தில் காற்று வழியாகச் சூடு குறைவாகவே பரவும். எனவே அச்சையே சூடாக்க வேண்டும்.

உலர்ந்ததா என்று அறியத் தனிக் கருவி வேண்டியதில்லை. வால்வை மூடி அழுத்தமானியைப் பார்த்தால் போதும். கசிவென்றால் முள் ஒரே சீராக ஏறிக்கொண்டே போகும். ஈரமென்றால் ஆவியழுத்தத்தை நெருங்கும்போது ஏற்றம் தளரும். கண்ணாடி இழைக்குப் பழகியவர் இரண்டையும் கசிவென்றே எடுத்துக்கொண்டு ஒட்டு நாடாவில் ஓட்டை தேடக்கூடும்.

காற்றாலை இறக்கைக்கு நாரை நான் பரிந்துரைக்கவில்லை. இருபது ஆண்டுகள் ஓயாமல் வளைந்து நிமிரும் பொருளுக்கு, மழையில் ஈரம் ஏற்கும் இழை பொருந்தாது. கதவுப் பலகை, இருக்கை, தட்டு போன்றவற்றில் தொடங்கலாம். அங்கும் வலிமைச் சோதனைக்கு முன் இந்த அழுத்தமானிச் சோதனையின் பதிவை ஆய்வுக் கட்டுரை எழுதுவோர் தர வேண்டும்.