நோட்டோநூஃபர் அண்டார்க்டிகா

நோட்டோநூஃபர் அண்டார்க்டிகா, அற்றுப்போன ஒரு நீரல்லி வகை. புதைபடிவ விதையைக் கொண்டுதான் இதை அறிகிறோம். இலை, பூ, தண்டு எதுவும் கிடைக்கவில்லை. விதை கிடைத்தது அண்டார்க்டிகா தீபகற்பத்தின் நுனிக்கருகே உள்ள சீமோர் தீவில், ஈயோசீன் என்னும் நிலவியல் காலத்து லா மெசெட்டா பாறைப் படிவத்தில். எல்சே மாரி ஃப்ரீஸ், ஆரி இக்லேசியாஸ், மார்செலோ ரெகேரோ, தாமஸ் மோர்ஸ் ஆகியோர் 2017-இல் இதற்குப் பெயரிட்டனர்.

அந்தப் படிவமோ கடலோரத்தில் படிந்தது. நன்னீர்ச் செடிக்கு அங்கே என்ன வேலை? காரைக்கால்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அரசலாறு பெருகினால் குளம் குட்டைகளின் செத்தை முகத்துவாரம் வழியே கடலுக்குத்தான் போகும். சீமோர் தீவிலும் ஏதோ ஓர் ஆறு அதைச் செய்திருக்க வேண்டும்.

ஒரு விதையை வைத்துத் தனிப் பேரினமே அமைப்பது துணிச்சல்தான். ஆனால் நீரல்லி விதைகள் அடையாளங்கள் நிறைந்தவை. நுனியில் சிறு மூடி இருக்கும். முளைக்கும்போது அது கழன்றுவிடும். மூடியின் அமைப்பு, விதையுறைச் செல்களின் வடிவம் ஆகியவற்றைக் கொண்டே இனங்களைப் பிரிக்க முடியும். விதையை உடைக்காமல் உள்ளே பார்க்க எக்ஸ்-கதிர்கள் உதவுகின்றன.

ஒப்பிட்டதில் நெருங்கிய உறவாகத் தெரிந்தது நூஃபர் என்னும் மஞ்சள் பூ அல்லி. வியப்பு இங்கேதான்: இன்றைய நூஃபர் இனங்கள் எல்லாம் வட அரைக்கோளத்தவை. காவிரிப் படுகைக் குளங்களில் மலரும் வெள்ளாம்பலும் நீலாம்பலும் நிம்ஃபேயா பேரினத்தவை. நோட்டோநூஃபருக்குச் சற்றே தூரத்துச் சொந்தம்.

அல்லி இருந்தால் தவளையும் இருக்குமே! இருந்தது. சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முந்திய தவளை எலும்புகள் அதே தீவில் கிடைத்த செய்தி 2020-இல் வெளியானது. அந்தத் தவளையின் இன்றைய உறவினங்கள் சிலி நாட்டில் வாழ்கின்றன. அண்டார்க்டிகாவைப் பெரும் பனிப்போர்வை மூடத் தொடங்கியது பின்னர், ஏறக்குறைய 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான்.

அண்டார்க்டிகாவில் அல்லி வளர்ந்த அதே ஈயோசீன் காலத்தில் இன்றைய காரைக்கால் இருக்கும் இடம் கடலடியில் கிடந்தது. அன்று படிந்த சேறு இறுகிய பாறைக்குக் காவிரிப் படுகையின் நிலவியலில் காரைக்கால் களிப்பாறை என்றே பெயர். எண்ணெய்க் கிணறு தோண்டும்போதுதான் அது கைக்கு எட்டும். அதுவும் பெரும்பாலும் துணுக்குகளாகவே வரும். அவற்றில் வயதைக் கணிக்க உதவுபவை ஃபொராமினிஃபெரா போன்ற கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள்.